பிராசசர் காத்திருக்கிறதா, காக்க வைக்கிறதா?

கேம் விளையாடும் கம்ப்யூட்டருக்கு எந்த பிராசசர் வாங்கலாம் என்று கேட்டு இந்த மாதம் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வார்த்தைகள்தான் வேறு. அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்ற பதில்களுக்கும் அது உதவும்.

கேள்வி: அக்கா, என்னிடம் ரைசன் 5 3600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 144 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர் இருக்கிறது. புதிய கேம்களில் 70, 75 ஃப்ரேம்தான் வருகிறது. பிராசசரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பிராசசர் 40% தான் வேலை செய்கிறது. யாரை நம்புவது?
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். உங்கள் மெஷினையே கேட்டுவிடலாம்.

ஃப்ரேம் என்றால் திரையில் அடுத்தடுத்து மாறும் படங்களில் ஒன்று; 75 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 75 படம். ஒரு ஃப்ரேம் திரைக்கு வர இரண்டு பேர் உழைக்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தச் சுவரில் பட்டது, கதவு திறந்திருக்கிறதா என்றெல்லாம் கணக்குப் போட்டு, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று பட்டியல் தருவது பிராசசர். அந்தப் பட்டியலை வாங்கிப் படமாக வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. தையல் கடையில் துணி வெட்டுகிறவரையும் தைக்கிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிறவர் மெதுவாக இருந்தால் தைக்கிறவர் சும்மா உட்கார்ந்திருப்பார். தைக்கிறவர் மெதுவாக இருந்தால் வெட்டின துணி குவிந்து கிடக்கும். வேகமாக இருக்கிறவரை மாற்றிப் பயனில்லை.

யார் மெதுவானவர் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். நீங்கள் அதிகம் விளையாடும் கேமைத் திறந்து, ஆள்நடமாட்டம் நிறைந்த ஓர் இடத்தில் கதாபாத்திரத்தை நிறுத்துங்கள். கேமராவை அசைக்க வேண்டாம். ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரெசல்யூஷனை மட்டும் 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். 75 ஆக இருந்தது 110 ஆனால், திணறிக்கொண்டிருந்தது கார்டு. புதுப் பிராசசர் வாங்கினாலும் 75 அப்படியேதான் நிற்கும். 75 ஆக இருந்தது 78 ஆனால், வரைகிற வேலை பாதிக்கும் கீழே குறைந்தும் கார்டால் வேகம் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். பிராசசர் அதைக் காக்க வைக்கிறது.

அந்த 40% விஷயத்துக்கு வருகிறேன். நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இது. உங்கள் 3600-இல் 6 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). டாஸ்க் மேனேஜர் பன்னிரண்டையும் சேர்த்துச் சராசரி காட்டுகிறது. கேமின் முக்கியமான த்ரெட் ஒன்று மூச்சு வாங்க முழுவேகத்தில் ஓடினாலும் மொத்தக் கணக்கில் அதன் பங்கு 8.3% தான். அதனால் 40% என்று காட்டும்போதே பிராசசர் தன் எல்லையைத் தொட்டிருக்கலாம். பார்க்க வேண்டியது கார்டின் பயன்பாட்டை. அது 97, 98% என்று நின்றால் கார்டு முழுமூச்சாக வேலை செய்கிறது. 60, 70% என்று தொய்ந்து நின்றால் (ஃப்ரேமுக்கு வேறு எந்த வரம்பும் நீங்கள் வைக்கவில்லை என்றால்) அது பிராசசருக்காகக் காத்திருக்கிறது.

சரி, சோதனையில் பிராசசர்தான் குற்றவாளி என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மதர்போர்டு, ரேம் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. உங்களுடையது ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்). அதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும். அதிலும் 6 கோர்தானே என்று நினைப்பீர்கள். 3600-இன் உள்ளே அந்த ஆறு கோர்கள் மூன்று மூன்றாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு மூவருக்கும் தனியாக 16 எம்பி எல்3 கேச் (ரேம் வரை போகாமல் தகவலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும், பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்). ஒரு குழுவில் இருக்கும் கோர் அடுத்த குழுவிடமிருந்து தகவல் வாங்க வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 5600-இல் ஆறு பேருக்கும் பொதுவாக ஒரே 32 எம்பி கேச். கேம்களில் ஒரு த்ரெட் இன்னொன்றிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் இந்த ஒரு மாற்றமே நன்றாகத் தெரியும். இன்னும் மேலே போக வேண்டுமென்றால், அதே சாக்கெட்டுக்கு 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி வந்தன.

ஒன்றை மறக்காதீர்கள். பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே போர்டின் பயாஸை (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பிறகு ஞாபகம் வந்தால், புதியதை அடையாளம் தெரியாமல் போர்டு கறுப்புத் திரையோடு நிற்கும். பல போர்டுகளில் பழையதைத் திரும்ப மாட்டித்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கேள்வி: வேகம் குறைவான பிராசசர் வேகம் கூடியதைக் கேமில் ஜெயிக்கிறது என்று எக்ஸ்3டி பற்றிச் சொல்கிறார்கள். கிகாஹெர்ட்ஸ் கூட இருந்தால்தானே வேகம்? இது எப்படிச் சாத்தியம்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

பதில்: ரொம்ப நல்ல கேள்வி கண்ணு. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

2022 ஏப்ரலில் வந்தது ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அதற்கு முன்பே வந்திருந்த 5800எக்ஸ் 4.7 வரை போகும். இரண்டிலும் அதே 8 கோர், அதே வடிவமைப்பு. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: பழையதில் எல்3 கேச் 32 எம்பி, புதியதில் சிப்பின் மேலேயே இன்னொரு மெல்லிய 64 எம்பி சிப்பை ஒட்டி 96 எம்பி ஆக்கியிருந்தார்கள். இப்படிக் கேச்சைக் கூட்டியவைதான் எக்ஸ்3டி.

4.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நானோ விநாடிக்கு நாலரைத் துடிப்பு. வேண்டிய தகவல் எல்3 கேச்சில் இருந்தால் ஏறத்தாழ 10 நானோ விநாடியில் கைக்கு வந்துவிடும். அங்கே இல்லாமல் ரேம் வரை போக வேண்டியிருந்தால் 70, 80 நானோ விநாடி ஆகும். 80-ஐ நாலரையால் பெருக்குங்கள்: 360 துடிப்பு. அவ்வளவு நேரமும் அந்தத் தகவலுக்காகக் கோர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 4.5-க்குப் பதில் 4.7-இல் ஓடினால், நிற்கிற துடிப்புகளின் எண்ணிக்கைதான் கூடும். ரேம் ஒரு நொடியும் முன்னதாகப் பதில் தராது.

கேம்களின் சுபாவமே இந்த மாதிரித் தேடல்தான். ஒரு நகரத்தைக் கட்டி ஆளும் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி, ஒரு வேகம், போகும் இடம். இந்தத் தகவல்கள் நினைவகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. அடுத்து எது தேவைப்படும் என்று பிராசசரால் முன்கூட்டியே ஊகிக்க முடியாது. ஆனால் போன ஃப்ரேமில் தொட்ட அதே தகவலை அடுத்த ஃப்ரேமிலும் தொடும். அது கேச்சிலேயே தங்கியிருந்தால் 360 துடிப்புக் காத்திருப்பு 45 ஆகக் குறைகிறது. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுகிற வேலையில் தகவல் வரிசையாக வரும்; பிராசசர் முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளும். அங்கே பெரிய கேச்சால் பெரிதாக லாபம் இல்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. நான் நேரில் பார்த்தது. ஃபேக்டோரியோ என்று தொழிற்சாலை கட்டும் கேம் ஒன்று. சின்னத் தொழிற்சாலையாக இருக்கும்வரை எக்ஸ்3டி பிராசசர் அதில் பறக்கும். என் பழைய சேவ் ஒன்றில் கன்வேயர் பெல்ட் மட்டுமே திரை திரையாக நீளும். இரண்டு வருடமாகக் கட்டியது. அதைத் திறந்தபோது அந்தப் பாய்ச்சல் காணாமல் போய்விட்டது. கையாள வேண்டிய தகவல் 96 எம்பியையும் தாண்டி வழிந்துவிட்டால் திரும்பவும் ரேமுக்குத்தான் ஓட வேண்டும்.

முதலில் வந்த எக்ஸ்3டி சிப்புகளில் கூடுதல் கேச் மேலே இருந்ததால் கோர்களின் சூடு அதைத் தாண்டித்தான் கூலரை அடைய வேண்டியிருந்தது. வேகத்தை அடக்கி வைத்ததற்கு அது ஒரு காரணம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: கேச் கீழே, கோர்கள் மேலே. 7800எக்ஸ்3டியில் 5.0 கிகாஹெர்ட்ஸாக இருந்த உச்ச வேகம் 5.2 ஆனது, ஓவர்கிளாக் செய்யவும் (குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டவும்) வழி திறந்தது. இந்தத் துறையில் கடந்த பத்து வருடத்தில் என்னை உண்மையிலேயே பிரமிக்க வைத்த பொறியியல் இது.

கேள்வி: அம்மா, நான் கம்ப்யூட்டர் அறியாதவன். என் மகன் கேம் விளையாட 24 கோர் கொண்ட கோர் ஐ9-14900கே வேண்டும் என்கிறான். 6 கோர் போதும் என்று கடைக்காரர் சொன்னதற்கு, அது எட்டாம் மாசமே பழசாகிடும் என்று சண்டை போடுகிறான். யார் சொல்வது சரி?
– ஒரு தந்தை

பதில்: ஐயா, கேம் மட்டும்தான் என்றால் கடைக்காரர் சொன்னதன் பக்கம் நிற்கிறேன். ஆனால் உங்கள் மகன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த 24 கோரும் ஒரே வலிமை கொண்டவை கிடையாது. எட்டுதான் முழு வலிமையுள்ள பெரிய கோர்கள். மற்ற 16-உம் மின்சாரத்தைச் சிக்கனம் செய்கிற சின்னக் கோர்கள். கேமின் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் அந்த எட்டுதான். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பது எட்டுக் கோர்தான், அதுவும் ரைசன் 3000 தலைமுறையைச் சேர்ந்த கோர்கள். பெரிய கேம்களைத் தயாரிப்பவர்கள் அந்த எட்டில் ஓடுகிற மாதிரித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இன்றைய தலைமுறையின் 6 கோர் பிராசசரின் வேகம் அவற்றைவிட அதிகம் என்பதால் எட்டு மாதத்தில் பழசாகாது. அவன் சொல்வதில் உள்ள நியாயம் இது: கேம் ஓடும்போதே ரெக்கார்டிங், பிரவுசரில் இருபது டேப், குரல் அரட்டை என்று எல்லாம் திறந்து வைத்தால் 6 கோர் சில கேம்களில் திணறும். அப்படி விளையாடுகிற பையன் என்றால் 8 கோர் வாங்கிக் கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொரு செலவும் இருக்கிறது. பெட்டியின் மேல் அதைப் போட மாட்டார்கள். 14900கே முழுப் பாரத்தில் 253 வாட் வரை இழுக்கும். அதற்குத் தகுந்த கூலர், தகுந்த மதர்போர்டு, தகுந்த பவர் சப்ளை எல்லாம் கூடவே வர வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு 16 கோர் பிராசசர் ஒன்றை விலை குறைந்த போர்டில் மாட்டினேன். பட்டியலில் "பொருந்தும்" என்றுதான் போட்டிருந்தது. போர்டில் பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கிற பகுதியின் மேல் ஹீட்சிங்க் இல்லை. பதினைந்து நிமிடம் கடுமையாக ஓட்டியதும் வேகம் படிப்படியாக இறங்கி, பாதி விலைப் பிராசசரின் அளவுக்கு வந்து நின்றது. விரல் வைக்க முடியாத சூடு. அன்றிலிருந்து பிராசசரின் விலையை மட்டும் தனியாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். போர்டு, கூலர், ரேம் மூன்றையும் கூட்டித்தான் ஒப்பிடுகிறேன். நீங்களும் அப்படியே கூட்டிப் பாருங்கள். மிச்சமாகும் தொகையைக் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டால் உங்கள் மகனே வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பான்.

3டி மாடலிங், வீடியோ எடிட்டிங் படிக்கிற பையன் என்றால் கதை வேறு. அந்த வேலைகளில் 24 கோரும் சேர்ந்து உழைக்கும்.

கேள்வி: கோர் ஐ7-13700கே ஒன்று பழைய சாமானாக நல்ல விலைக்கு வருகிறது. அந்தத் தலைமுறையில் ஏதோ கோளாறு என்கிறார்கள். வாங்கலாமா?
– அலுவலக ஊழியர்

பதில்: கோளாறு உண்மைதான். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில், 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவை, தேவைக்கு அதிகமான வோல்டேஜ் ஏறி நாளடைவில் சிப்பே பலவீனமாகிற பிரச்சினை அது. அதைத் திருத்த 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடும் (பிராசசரின் உள் மென்பொருள்), செப்டம்பரில் 0எக்ஸ்12பி-யும் வந்தன. பெட்டியோடு விற்ற பிராசசர்களுக்கு உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள்.

ஆனால் அந்தத் திருத்தம் இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. பழைய சாமான் வாங்குகிற உங்களுக்கு இதுதான் முக்கியம். 2024 ஆகஸ்டு வரை அந்தச் சிப் எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.

வாங்கியே தீர வேண்டுமென்றால், விற்பவரின் மெஷினிலேயே அன்ரியல் இன்ஜினில் செய்த பெரிய கேம் ஒன்றை முதல் தடவை திறப்பது போலத் திறக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் ஷேடர்களை (கார்டுக்கு வரையச் சொல்லித்தரும் சின்ன நிரல்கள்) தொகுக்கும்போது எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் பாய்ந்து வேலை செய்யும். பலவீனமான சிப் அங்கேதான் விழும். கார்டில் நினைவகம் தாராளமாக இருக்கும்போதே "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழைச்செய்தி வந்தால் கார்டைச் சந்தேகப்படாதீர்கள். இந்தக் கோளாறுக்கே உரிய அடையாளம் அது. வாங்கிய ரசீதும் உத்தரவாதமும் கைக்கு வராவிட்டால் நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

12-ஆம் தலைமுறையில் இந்தச் சிக்கல் இல்லை. கையில் இருப்பது கொஞ்சம்தான் என்றால் கோர் ஐ5-12400எஃப் இன்னும் நேர்மையான பிராசசர்: ஆறும் பெரிய கோர்கள், 12 த்ரெட், சூடு குறைவு, சாதாரண போர்டே போதும். பெயரின் கடைசியில் உள்ள எஃப், உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கும். கார்டு பழுதானால் திரையே வராது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு பிராசசர்களை ஒப்பிட்ட சோதனையில் இரண்டுக்கும் சராசரி 130 ஃப்ரேம்தான். விலை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?
– ஒரு வாசகி

பதில்: சராசரிக்குப் பக்கத்தில் "1% லோ" என்று இன்னோர் எண் போட்டிருப்பார்கள்; மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகம் அது. அதைப் பாருங்கள். நூறு ஃப்ரேமில் 99 தலா 7 மில்லி விநாடியில் வந்து, ஒன்று மட்டும் 60 மில்லி விநாடி எடுத்தது என்று வையுங்கள். மொத்தம் 753 மில்லி விநாடி. சராசரி போட்டால் கிட்டத்தட்ட 133 ஃப்ரேம், கேட்க அருமையாக இருக்கும். ஆனால் அந்த ஒரு ஃப்ரேமில் திரை திக்கி நிற்கும். குறி வைத்துக்கொண்டிருந்தால் கை தவறிவிடும். இன்னொரு பிராசசரில் நூறுமே ஏழரை மில்லி விநாடி என்றால் சராசரி அதே அளவுதான், விளையாட்டோ வெண்ணெயாக வழுக்கும். பிராசசருக்குக் கொடுக்கிற காசின் பெரும்பகுதி இந்தத் திக்கலைப் போக்குவதற்குத்தான்.

பால்டர்ஸ் கேட் 3 விளையாடியவர்களுக்கு இது புரியும். முதல் அத்தியாயத்தின் காடுகளில் எந்தப் பிராசசரும் சமாளிக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் நகரத்துக்குள் நுழைந்ததும் தெரு முழுக்க ஆட்கள். அங்கேதான் பிராசசரின் தரம் வெளியே வரும். எந்த இடத்தில் சோதித்தார்கள் என்று சொல்லாத ஒப்பீட்டை நான் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்கும்போது நல்ல பிராசசர் எதற்கு?

பதில்: அது இரண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவே ஒன்றைக் கார்டே வரைந்து செருகுகிறது. 35 ஃப்ரேம் 70 ஆகத் தெரியும். உங்கள் மவுஸுக்குக் கேம் பதில் சொல்வது 35-இன் வேகத்தில்தான், சொல்லப்போனால் அதைவிடக் கொஞ்சம் தாமதமாக. நிஜ ஃப்ரேம் 60-ஐத் தொட்ட பிறகு போட்டால் நன்றாக இருக்கும். அந்த 60-ஐத் தர வேண்டியது பிராசசரும் கார்டும்தான்.

கேள்வி: ரைசன் 5 7600 வாங்கிப் புது மெஷின் கட்டினேன். 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ஒன்று போட்டிருக்கிறேன். எல்லோரும் சொன்ன வேகம் எனக்கு மட்டும் வரவில்லை. பிராசசர் பழுதா?
– முதல்முறை கட்டியவர்

பதில்: பிராசசர் நன்றாகத்தான் இருக்கும். "ஒன்று போட்டிருக்கிறேன்" என்ற இடத்தில்தான் பிரச்சினை. பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு வழி இருக்க, நீங்கள் ஒன்றை மூடி வைத்திருக்கிறீர்கள். அதே மாதிரி இன்னொரு 16 ஜிபி வாங்கி, நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். அளவும் வேகமும் ஒன்றாக இருக்கட்டும்; சேர்த்து விற்கும் ஜோடியாகவே கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கையும் நிரப்ப ஆசைப்படாதீர்கள். ஏஎம்5-இல் நான்கு ரேம் போட்டால் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து, பயாஸுக்குள் போய் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். இதை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன்: 6000 வேக ரேம் வாங்கி, மாட்டி, அப்படியே விட்டிருப்பார்கள். அது 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். ஏழாயிரம் தொடரின் பிராசசர்களுக்கு 6000 நல்ல பொருத்தம். அதற்கு மேல் காசைக் கொட்ட வேண்டாம். என் அண்ணன் மகள் வீட்டில் போன மாதம் இந்த ஒரு விசையைத் தட்டிவிட்டு வந்தேன். அன்று ராத்திரியே, "அத்தை, நிஜமா வேற மெஷின் மாதிரி இருக்கு" என்று போன் செய்தாள். ஒரு பைசா செலவில்லை.

கேள்வி: நீங்கள் எப்போதும் நடுத்தரப் பிராசசரையே சொல்கிறீர்கள். போன இதழில் ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாடுகிற ஒருவருக்கும் "6 கோர் போதும், மிச்சத்தைக் கார்டில் போடுங்கள்" என்றீர்கள். நான் அதே கேமை நான்கு வருடமாக ஓட்டுகிறேன். கார்டை மாற்றியபோது எனக்கு எதுவும் மாறவில்லை. பிராசசரை மாற்றியபோதுதான் பெரிய விமான நிலையங்களில் இறங்க முடிந்தது.
– நீண்டகால வாசகர்

பதில்: நீங்கள் சொல்வது சரி. அந்த பதில் தவறு. அன்று எழுதிய வாசகரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் பிராசசரைத்தான் பிழிகிறது, அதுவும் கேச்சை. மேகத்துக்கு மேலே பறக்கும்போது எல்லாம் சுகமாக இருக்கும். ஓடுபாதையை நெருங்க நெருங்க, கட்டிடங்களும் வண்டிகளும் மற்ற விமானங்களும் கூடக் கூட, கார்டு ஓய்வெடுக்க ஆரம்பிக்கும். இறங்குகிற அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தானே அதை விளையாடுகிறோம்! சிமுலேட்டர், பெரிய வியூக கேம், நகரம் கட்டும் கேம், நூறு பேர் ஒரே இடத்தில் கூடும் ஆன்லைன் கேம் ஆகியவற்றில் ஒன்றையே வருடக்கணக்கில் விளையாடுகிறவர்கள் எக்ஸ்3டி வாங்கினால் அந்தப் பணம் வீண் கிடையாது. அந்த வாசகரும் அப்படி விளையாடுகிறவரா என்று கேட்காமலேயே அவருக்குப் பதில் எழுதிவிட்டேன்.

ஆனால் அவர்களுக்கும் 8 கோர் எக்ஸ்3டி போதும். 16 கோர் உள்ள 7950எக்ஸ்3டி, 9950எக்ஸ்3டி இரண்டிலும் கூடுதல் கேச் எட்டுக் கோர்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கேமை அந்தப் பக்கமே ஓட்ட வேண்டும் என்று விண்டோஸ் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே மெஷின் வைத்திருப்பவர்களுக்குத்தான் அவை.

மற்றவர்களுக்கு நான் நடுத்தரத்தைச் சொல்வதற்குக் காரணம் சாக்கெட். 2017-இல் ஏஎம்4 போர்டும் ரைசன் 5 1600-உம் வாங்கியவர்களில் பலர் ஐந்து வருடம் கழித்து, பயாஸை மட்டும் புதுப்பித்து, அதே போர்டில் 5800எக்ஸ்3டியை மாட்டினார்கள். 2017-இலேயே மிக உயர்ந்ததை வாங்கியிருந்தால் அந்தப் பணம் எப்போதோ கரைந்திருக்கும். 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5-ஐ 2027-உம் அதற்குப் பிறகும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14-ஆம் தலைமுறைகளோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்குப் போர்டும் புதிது, ரேமும் டிடிஆர்5 மட்டுமே. மின்சாரத்தைக் குறைவாக எடுக்கிற நல்ல பிராசசர்கள்தான் அவை. ஆனால் வெளியானபோது பல கேம்களில் அந்த வரிசையின் 285கே தன் முன்னோடியான 14900கே-வைக்கூட எட்டவில்லை. கேமுக்காக மட்டும் என்றால் இப்போதைக்கு என் ஓட்டு ஏஎம்5 போர்டு, அதில் ஒரு 7600; மூன்று வருடம் கழித்துப் பழைய எக்ஸ்3டி ஒன்று.

கேள்வி: ரைசன் 5 5600 வைத்து, 60 ஹெர்ட்ஸ் 4கே டிவியில் விளையாடுகிறேன். கார்டு ஆர்எக்ஸ் 6800. கன்ட்ரோலரோடு சோபாவில் உட்கார்ந்து கதை கேம்கள் மட்டும்தான். 9800எக்ஸ்3டி வாங்க ஒரு வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். எவ்வளவு வித்தியாசம் தெரியும்?
– இரவு நேர வாசகர்

பதில்: உங்கள் டிவியில் அநேகமாக எதுவும் தெரியாது. 4கே என்றால் 1080பியைவிட நான்கு மடங்கு புள்ளிகள். உங்கள் கார்டுதான் மூச்சு வாங்குகிறது, 5600 அதன் பின்னால் காத்திருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் டிவி ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி விநாடி அவகாசம் தருகிறது. 5600 கதை கேம்களில் பெரும்பாலும் அதற்குள் தன் வேலையை முடித்துவிடும். 9800எக்ஸ்3டியைப் புகழும் சோதனைகள் பெரும்பாலும் ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரி மிகப் பெரிய கார்டைப் போட்டு 1080பியில் செய்தவை. பிராசசர்களைத் தரம் பிரிக்க அதுதான் சரியான முறை. ஆனால் அந்த எண்கள் உங்கள் சோபாவில் வராது.

இன்று ராத்திரியே முதல் பதிலில் சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். ரெசல்யூஷனை 4கேயிலிருந்து 1080பிக்கு இறக்குங்கள். டிவியின் 60 ஃப்ரேம் வரம்பு குறுக்கே நிற்காதபடி வி-சிங்க்கை அணைத்துவிடுங்கள். ஃப்ரேம் எகிறினால் சேர்த்த பணம் கார்டுக்கு. வாங்குவதற்கு முன் கேபினெட்டுக்குள் எவ்வளவு நீளக் கார்டு நுழையும் என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பவர் சப்ளை எத்தனை வாட் என்று அதன் ஸ்டிக்கரைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். எந்தக் கார்டு என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.